செயற்குழுக் கதிரைகள் ஏன் வெறுமையாகக் கிடக்கின்றன?

கடந்த மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல், பேர்ண் நகருக்கு அண்மையிலுள்ள பாடசாலை மண்டபம் ஒன்றில் எமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடைபெற்றது. அறிவித்த நேரத்திற்கு முக்கால் மணி பிந்தியே தொடங்கிற்று என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. தலைவர் உரை, சென்ற கூட்ட அறிக்கை, கணக்கறிக்கை யாவும் ஒழுங்காக நிறைவெய்தின. கணக்கறிக்கையின்போது வினாக்கள் பறந்தன. பொங்கல் விழாவுக்கு வாங்கிய அரிசி ஏன் இவ்வளவு? மண்டப வாடகை ஏன் கூடிற்று? ஒலிபெருக்கிக்காரருக்கு யாரைக் கேட்டு முற்பணம் கொடுத்தீர்கள்? கேட்டவர்கள் பன்னிரண்டு பேராவது இருப்பர். நல்ல கேள்விகளே. கேட்கவேண்டிய கேள்விகளே.

அடுத்ததாக “புதிய நிர்வாகத் தெரிவு” என்று செயலாளர் வாசித்தார். மண்டபம் அடங்கிப்போயிற்று. சிலர் கைத்தொலைபேசியை எடுத்தனர். சிலர் தத்தம் சப்பாத்துகளை ஆராய்ந்தனர். ஒருவர் தம் பிள்ளையைத் தேடுவதாகக் கூறி எழுந்து வெளியே போனார். அந்தப் பிள்ளை அவர் இருந்த கதிரைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பதினொரு ஆண்டுகள் செயலாளராக இருந்தவர் இருதய சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். இனித் தம்மால் இயலாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். பொருளாளர் வேலை மாற்றம் காரணமாக வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்கிறார். பிரேரிக்க ஆளுண்டு, ஆமோதிக்க ஆளுண்டு, பிரேரிக்கப்படுவதற்கு மட்டும் ஆளில்லை.

பின்வரிசையில் இருந்த என்னை நோக்கி ஒருவர், “ரீச்சர், நீங்கள் நிண்டால் என்ன? படிச்சனீங்கள்தானே” என்றார். “எனக்கு வேலைநேரம் ஒத்துவராது தம்பி” என்று சொல்லிவிட்டு நானும் நிலத்தைப் பார்த்தேன். ஆகவே இதனை எழுதுபவள் குற்றமற்றவள் அல்லள் என்பதை வாசகர்கள் முதலிலேயே அறிந்துகொள்ளவேண்டும்.

கூட்டம் ஆறு வாரங்களுக்கு ஒத்திவைக்கப்பட்டது. தேநீர் வேளையிலே, உள்ளே வாய் திறவாதிருந்த அனைவருக்கும் அபிப்பிராயங்கள் பிறந்தன. சங்கம் எப்படி நடக்கவேண்டும், விழாவை எப்படிச் செய்திருக்கவேண்டும், எவரை நம்பக்கூடாது என்பவை பற்றியெல்லாம் றோல்ஸும் வடையும் முடியும்வரை ஆராய்ந்தோம். பின்னர் கதிரைகளை அடுக்குவதற்கு, வழக்கம்போல, அந்த இருதய நோயாளியும் வேறு மூவரும் மட்டுமே எஞ்சினர்.

வீடு திரும்பியபின் ஒரு கேள்வி என்னை உறங்கவிடவில்லை. எவரும் முன்வராவிட்டால் உண்மையில் என்ன நடக்கும்? மகளின் உதவியுடன் சுவிஸ் குடியியற் சட்டத்திலே சங்கங்கள் பற்றிய பகுதியைத் தேடி வாசித்தேன். 60ஆம் உறுப்புரையிலிருந்து 79ஆம் உறுப்புரைவரை உள்ள சிறிய பகுதி. ஒரு மாலைப்பொழுதில் வாசித்து முடித்துவிடலாம். 1912ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையிலுள்ள இச்சட்டத்தின் 77ஆம் உறுப்புரை, ஒரு சங்கம் எப்போது சட்டத்தினாலேயே கலைந்துபோகிறது என்பதைக் கூறுகிறது. இரண்டு காரணங்கள்தான். கடன் தீர்க்க இயலாத நிலை ஒன்று. யாப்பின்படி நிர்வாகக் குழுவை அமைக்க இயலாமற் போவது மற்றையது. அதாவது, பணமில்லாமற் போவதற்கும் ஆளில்லாமற் போவதற்கும் இந்நாட்டுச் சட்டத்திலே ஒரே விளைவுதான். எமது சங்கத்தின் வங்கிக் கணக்கிலே பணம் இருக்கிறது.

சனிக்கிழமைகளில் நடைபெறும் தமிழ் வகுப்பு, மாதமொருமுறை முதியோர் ஒன்றுகூடல், கடிதம் வாசிக்கத் தெரியாதோருக்கு உதவி, மரண வீடுகளில் முதல் இரண்டு நாளும் ஓடித் திரிதல் ஆகிய இவை அனைத்தும் அந்த ஐந்தாறு கதிரைகளின்மீதுதான் நிற்கின்றன. அண்மையில் கணவனை இழந்த தாயொருவருக்கு உடலைப் பொறுப்பேற்பதிலிருந்து தகனம்வரை கெமைண்டே அலுவலகத்தோடு பேசி முடித்துக் கொடுத்தவர் எமது செயலாளரே. அதனைச் செய்ய அவருக்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை. நன்றி சொன்னவர்களும் அதிகமில்லை.

இச்சட்டம் எமக்குத் தரும் உரிமைகளைப் பற்றியும் சில வார்த்தைகள் கூறவேண்டும், ஏனெனில் எம்மவர் பலர் சங்கம் என்பது தலைவரின் சொத்து என்றே எண்ணியிருக்கின்றனர். சங்கத்தின் அதியுயர் அதிகாரம் பொதுச்சபைக்கே உரியது. உறுப்பினரில் ஐந்திலொரு பங்கினர் கேட்டால் பொதுக்கூட்டத்தைக் கூட்டியே ஆகவேண்டும். உறுப்பினர் அனைவருக்கும் சமமான வாக்கு. தனக்கோ, தன் வாழ்க்கைத் துணைக்கோ, தன் நேர்வழி உறவினருக்கோ சங்கத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ள விடயத்தில் ஒருவர் வாக்களிக்க முடியாது. மண்டபச் சாப்பாட்டு ஒப்பந்தம் மைத்துனருக்குப் போகிறதே என்று முணுமுணுக்கும் அன்பர்கள் இதனைக் கவனிக்கவேண்டும். மைத்துனர் நேர்வழி உறவினர் அல்லர், ஆதலால் அதற்குச் சங்கத்தின் யாப்பிலேதான் ஒரு விதி எழுதவேண்டும், அதனை எழுதுவதற்கும் யாராவது குழுவில் இருக்கவேண்டும். சட்டத்துக்கோ யாப்புக்கோ முரணான தீர்மானத்தை, அதற்கு உடன்படாத உறுப்பினர் அறிந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். சங்கத்தின் கடனுக்கு, யாப்பில் வேறுவிதமாகக் கூறப்படாவிடின், சங்கத்தின் சொத்து மட்டுமே பொறுப்பு. எனவே உறுப்பினராக இருந்தால் வீடுவாசல் போய்விடும் என்று சிலர் அஞ்சுவது வீண் அச்சமாகும். நிர்வாகத்தில் இருப்பவர் தம் தவறினால் ஏற்படுத்தும் நட்டத்துக்குத் தாமே பொறுப்பாகலாம் என்பது வேறு விடயம்; அது நேர்மையாகக் கணக்கு எழுதுபவரை அச்சுறுத்தவேண்டியதில்லை. சுவிஸ் கடவுச்சீட்டு உள்ளவர்தான் நிர்வாகத்தில் இருக்கலாம் என்று இச்சட்டத்தில் எங்கும் இல்லை.

இன்னொன்று. 2023ஆம் ஆண்டு தைமாதம் முதல், அறப்பணி, சமயம், கல்வி, பண்பாடு, சமூகநலம் போன்றவற்றுக்காக வெளிநாட்டில் நிதி சேர்ப்பதையோ வழங்குவதையோ முதன்மைப் பணியாகக் கொண்ட சங்கங்கள், விதிவிலக்குப் பெற்றவை தவிர, வர்த்தகப் பதிவேட்டிற் பதியப்படவேண்டும். உறுப்பினர் பட்டியல் ஒன்றும் பேணவேண்டும். ஊர்ப் பாடசாலைக்கும் கோவிலுக்கும் இங்கிருந்து பணம் அனுப்பும் எமது ஊர்ச்சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் இது நேரடியாகப் பொருந்தக்கூடியது. இதனை யேர்மன் மொழியிலோ பிரெஞ்சு மொழியிலோ வாசித்து, விளங்கி, படிவம் நிரப்ப ஆள் தேவை. அறுபது வயதைக் கடந்த தலைவர் ஒருவரால் இரவுவேலை முடித்துவந்து தனியே இதனைச் செய்ய இயலுமா?

நாம் சங்கம் அறியாத மக்களல்லர். குடாநாட்டிலே எந்தக் கிராமத்தை எடுத்தாலும் ஒரு சனசமூக நிலையம், ஒரு வாசிகசாலை, ஒரு மாதர் சங்கம், ஒரு கூட்டுறவுக் கடை. மூளாயிலே 1930களில் ஒரு வைத்தியசாலையையே கூட்டுறவு முறையில் எழுப்பினர். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையை நான் படிப்பித்த காலத்தில் மாணவருக்கு அடிக்கடி கூறுவேன். அது எரிந்த கதை யாவருக்கும் தெரியும். பிறந்த கதை பலருக்குத் தெரியாது. நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்த க. மு. செல்லப்பா என்பவர் 1933ஆம் ஆண்டிலே தம் வீட்டில் நூல்களைச் சேர்த்து ஊரவர்க்கு வாசிக்கக் கொடுத்தார். மறு ஆண்டு யாழ் மத்திய கல்லூரியில் நகரத்துப் பெரியோர் கூடி ஒரு குழுவை அமைத்தனர். செல்லப்பா அதன் செயலாளரானார். ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு ஓர் அறை. 844 நூல்கள். ஏறத்தாழ முப்பது பத்திரிகைகளும் சஞ்சிகைகளும். அவ்வளவுதான் ஆரம்பம். அது பின்னர் நகரசபையின் பொறுப்பாகி, புனித பத்திரிசியார் கல்லூரியின் லோங் அடிகளார் போன்றோரின் முயற்சியால் பெருங்கட்டிடமாக உயர்ந்து 1959இல் திறக்கப்பட்டது. 1981இல் எரிக்கப்பட்டபோது அங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன.

அந்த 844 நூல்களுக்கு யாரோ ஒருவர் இலக்கமிட்டிருப்பார். வாடகைப் பற்றுச்சீட்டை யாரோ ஒருவர் பத்திரப்படுத்தியிருப்பார். பிந்திய சந்தாவை யாரோ ஒருவர் சைக்கிளில் போய்க் கேட்டிருப்பார். வரலாற்று நூல்களில் அவர்களுடைய பெயர்கள் இருப்பதில்லை. உப பொருளாளர் என்று ஒரு சொல் இருக்கும், அவ்வளவே.

அவ்வாறு வாழ்ந்த மக்கள் இங்கு வந்து ஏன் பின்வாங்குகின்றனர்? சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. அது உண்மையன்று. உணவகச் சமையலறையிலும், வைத்தியசாலைச் சலவைப் பகுதியிலும், அதிகாலைத் துப்புரவு வேலையிலும் இந்த மக்கள் உழைத்த உழைப்பைச் சுவிஸ் மக்களே வியந்து பேசுவர். ஒரே நாளில் இரண்டு இடங்களில் வேலை செய்யும் தகப்பனிடம் செவ்வாய் இரவு ஏழரை மணிக்குக் கூட்டத்துக்கு வா என்றால் அவர் எப்படி வருவார்? இது நேர்மையான காரணம். இதற்குப் பரிகாரம் கூட்ட நேரத்தை மாற்றுவதும், வேலையைச் சிறு கூறுகளாகப் பிரிப்பதும்தான்.

நம்பிக்கையின்மை என்பது இரண்டாவது காரணம், இதுவே ஆழமானது. நான் இந்நாட்டுக்கு வந்த தொடக்கத்தில் அமைப்பு ஒன்றின் விழாவுக்கு வீடுவீடாகச் சென்று பணம் சேர்த்துக் கொடுத்தேன். வருட முடிவில் கணக்குக் கேட்டேன். “ரீச்சருக்கு எங்களில நம்பிக்கை இல்லையோ” என்ற பதில் வந்தது. பணம் தந்தவர்கள் என்னைக் கேட்டார்கள். நான் எவரைக் கேட்பது? அன்று ஒதுங்கியவள்தான். எம் வாசகர்களிற் பலருக்கு இதைப்போன்ற அனுபவம் ஒன்று இருக்கும். கேள்வி கேட்டவரைத் துரோகி என்றும், கேளாதவரைத் தியாகி என்றும் பெயர்சூட்டிய காலமொன்றை நாம் கடந்து வந்திருக்கிறோம். அதன் வடு இன்னும் ஆறவில்லை. ஆனால் நான் ஒதுங்கியதால் அந்தக் கணக்கு வெளிவந்ததா? இல்லை. கணக்கைத் திறந்துவைக்க விரும்புபவர் வெளியே நிற்க, மூடிவைக்க விரும்புபவர் உள்ளே இருந்ததே நான் ஒதுங்கியதன் பயன்.

எழுதக் கூசும் காரணங்களும் உண்டு. எந்த ஊர், எந்தப் பகுதி, எந்தச் சாதி என்று மனத்துள் கணக்குப் பார்த்துப் பதவிகளைப் பங்கிடும் வழக்கம் எம்மோடு விமானமேறி வந்துவிட்டது. இன்னார் தலைவரானால் நாம் வரோம் என்று சொல்லும் குடும்பங்களை நான் அறிவேன். அகதி முகாமிலே ஒரே அறையில் ஒரே பானையில் உண்டவர்கள் நாம்.

பெண்கள் நிலையைப் பார்ப்போம். விழா என்றால் இருநூறு பேருக்கான சமையல் பெண்களிடம். வகுப்பு நடத்துவது பெரும்பாலும் பெண்கள். பிள்ளைகளுக்கு நடனமும் நாடகமும் பழக்குவது பெண்கள். மேடையில் மாலை போட்டு அமர்ந்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். “மாதர் பிரிவு” என்று ஒன்றை உருவாக்கி அங்கே அனுப்பிவிட்டால் நீதி செய்தாயிற்று என்று எண்ணுகிறோம். சுவிற்சர்லாந்தைப் பார்த்து நாம் இதில் வெட்கப்படவேண்டியதில்லை. இந்நாட்டுப் பெண்கள் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை பெற்றது 1971இல்தான். இலங்கைப் பெண்கள் 1931இலேயே பெற்றுவிட்டனர். அப்பென்சல் உள்மாநிலத்துப் பெண்கள் மாநில விவகாரங்களில் வாக்களிக்க 1990இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரவேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகள் முன்னே நின்ற நாம், இன்று ஒரு சங்கத்தின் பொருளாளர் கதிரைக்குப் பெண்ணைப் பிரேரிக்கத் தயங்குகிறோம். இவ்வளவுக்கும் வீட்டுச் செலவை ரப்பனுக்கு ரப்பன் எழுதி வைத்திருப்பவர் பெரும்பாலும் வீட்டுத் தலைவிதான்.

இளையோர் விடயம் வேறுவகையானது. இங்கு பிறந்து வளர்ந்தவர்கள் நன்றாக யேர்மன் எழுதுவர். வங்கியிலும் காப்புறுதியிலும் பணியாற்றுவர். கணக்காய்வு அவர்களிற் சிலருக்குத் தொழிலே. எமது சங்கங்களில் அவர்களுக்குக் கொடுக்கப்படும் பொறுப்பு கதிரை தூக்குவதும் ஒலிவாங்கி பிடிப்பதும். ஒரு கருத்தைச் சொன்னால், “உனக்கு எங்கட முறை தெரியாது” என்று அடக்கிவிடுகிறோம். பின்னர் இளந்தலைமுறை தமிழை மறக்கிறது என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறோம். சென்ற ஆண்டு எம் சங்க விழாவுக்கான மண்டப அனுமதி விண்ணப்பத்தைத் திருத்தி எழுதி, வைப்புப்பணத்தைக் குறைப்பித்துத் தந்தவர் இருபத்திரண்டு வயது யுவதி ஒருவர். அவருடைய பெயர் நன்றியுரையில் வரவில்லை.

நாம் வாழும் இந்த நாடே சங்கங்களால் நெய்யப்பட்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் சங்கங்கள் இங்கு இருப்பதாக மதிப்பிடுவர். யேர்மன் மொழியில் ‘ஃபெரைன்’ என்ற சொல்லை அறியாமல் ஒருவர் இங்கு ஓராண்டு வாழ இயலாது. உடற்பயிற்சிக்கு, பாடலுக்கு, முதலுதவிக்கு, காளான் பொறுக்குவதற்குக்கூட ஃபெரைன் உண்டு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கெமைண்டேகளிற் பெரும்பாலானவற்றின் சபை உறுப்பினர்கள் பகலில் வேறு தொழில் செய்பவர்கள்; தச்சர், ஆசிரியை, கமக்காரர். சிறிய கொடுப்பனவோடு மாலையில் வந்து ஊரின் வரவுசெலவைப் பார்க்கின்றனர். இதனை அவர்கள் ‘மிலிட்ஸ்’ முறை என்பர். அவர்களுக்கும் இன்று ஆள் கிடைப்பது அரிதாகிவருகிறது. ஊரி போன்ற மாநிலங்களிலே, தெரிவுசெய்யப்பட்டவர் தக்க காரணமின்றிப் பதவியை மறுக்க இயலாது என்ற சட்டம்கூட ஏற்பட்டது. எனவே கதிரை வெறுமையாவது தமிழனுக்கு மட்டும் வந்த நோயன்று. ஆனால் அவர்களுக்கு ஊர் இருக்கிறது. சபை தளர்ந்தால் அடுத்த ஊரோடு இணைந்துகொள்வர். எமது தமிழ் வகுப்பு மூடப்பட்டால் அதனை இணைத்துக்கொள்ள அடுத்த ஊர் எது?

சங்கக் குழு என்பது இந்நாட்டின் பிற கதவுகளுக்கும் திறப்பாகிறது. சூரிச் மாநிலப் பாடசாலைகளில் பெற்றோர் பங்கேற்புக்குச் சட்டமே இடம் வகுத்திருக்கிறது. பல பாடசாலைகளில் பெற்றோர் குழு இயங்குகிறது. நெசாத்தல், யூரா, வோ, பிறைபூர்க் ஆகிய மாநிலங்களில், குறித்த நிபந்தனைகளோடு, குடியுரிமை இல்லாத வெளிநாட்டவரும் கெமைண்டே அளவில் வாக்களிக்கலாம். மிக்ரோ கடையில் அரிசி வாங்கும் எம்மிற் சிலரிடம் அக்கூட்டுறவின் உறுப்பினர் பத்திரம் இருக்கும். 2022இல் மிக்ரோவில் மதுபானம் விற்கலாமா என்று உறுப்பினரிடம் வாக்குக் கேட்டபோது, பத்துப் பிராந்தியக் கூட்டுறவுகளும் வேண்டாம் என்றன. அந்த வாக்குச்சீட்டை விளம்பரத் தாளென்று எண்ணிக் குப்பையில் போட்ட குடும்பங்களை நான் அறிவேன். என்னுடையதும் அவற்றுள் ஒன்று. கூட்டத்தில் கையுயர்த்திப் பழகியவர் வாக்குச்சீட்டைப் பிரித்துப் பார்ப்பார். 2018இல் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டத்தின்படி, சமூக வாழ்வில் பங்கேற்பதும் விண்ணப்பதாரரின் இணைவுக்கு ஓர் அடையாளமாகப் பார்க்கப்படுகிறது. கடவுச்சீட்டுக்காகச் சங்கத்துக்கு வாருங்கள் என்று நான் அழைக்கமாட்டேன். அப்படி வருபவர் கடவுச்சீட்டுக் கிடைத்த மறுநாள் போய்விடுவார்.

எமது சங்கத்துக்கு என் யோசனைகள் சில. செயலாளர் ஒருவரே பதினொரு ஆண்டுகள் சுமக்கும்படி விட்டது அவரது தவறன்று, எமது தவறு. பதவிக்காலம் இரண்டு ஆண்டு, ஒருவர் ஒரே பதவியில் தொடர்ந்து மூன்று தடவைக்கு மேல் இருக்கலாகாது என்று யாப்பிலே எழுதவேண்டும். மண்டப ஒழுங்கு, வகுப்பு, முதியோர், மரண உதவி என்று உபகுழுக்களைப் பிரித்தால் ஒருவருக்கு மாதம் மூன்று அல்லது நான்கு மணித்தியால வேலைதான் விழும். அதனை இரவுவேலை செய்பவரும் செய்யலாம். கணக்கு வருடத்துக்கு ஒருமுறையன்றி மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா உறுப்பினருக்கும் அனுப்பப்படட்டும். கேட்பதற்கு முன்னரே கொடுத்துவிட்டால் ‘நம்பிக்கை இல்லையோ’ என்ற கேள்விக்கே இடமில்லை. ஒவ்வொரு பதவிக்கும் முப்பது வயதுக்குக் குறைந்த ஒருவர் உப பதவியில் இருக்கட்டும். கூட்டம் நடக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, தகப்பன்மார் முறைபோட்டு அடுத்த அறையில் இருக்கட்டும். தாய்மார் உள்ளே வந்து பேசட்டும். இவற்றில் எதுவும் பணம் கேட்கும் காரியமன்று.

ஒன்றுமட்டும் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். குழுவில் இருப்பவருக்கு ஏச்சு விழும். சோறு குழைந்தால் ஏச்சு, விழா பிந்தினால் ஏச்சு, பேரைத் தவறாக வாசித்தால் மூன்று ஆண்டு பகை. இருபது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவளுக்கே இது சிறிது அச்சமூட்டுகிறது. எமது செயலாளரைச் சென்ற வாரம் பார்க்கப் போனேன். கட்டிலருகே சங்கக் கோவைகள் ஆறும் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஆண்டு எழுதி ஒட்டியிருந்தார். “யாரிட்டக் குடுக்கிறதெண்டுதான் தெரியேல்லை ரீச்சர்” என்றார். நான் இரண்டு கோவைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஒத்திவைக்கப்பட்ட பொதுக்கூட்டம் வரும் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு அதே மண்டபத்தில் நடைபெறும். செயலாளர் பதவிக்கு என் பெயரை எழுத்தில் கொடுத்துள்ளேன். உப செயலாளராக இருக்க, மண்டப விண்ணப்பம் எழுதித் தந்த அந்த யுவதி சம்மதித்திருக்கிறார். பொருளாளர் பதவிக்கு இதனை எழுதும்வரை ஒரு பெயரும் வரவில்லை.